இயற்கை எழுத்து வாசிப்புக் குழு: எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது?

நாணல் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து இயற்கை எழுத்துக்கென்றே ஒரு வாசிப்புக் குழு நடத்துகிறோம். உங்களில் பலரும் இப்படிக் குழு நடத்தியவர்கள் என்பதால் கேட்கிறேன்.

குழுவில் இரண்டு வகை ஆட்கள். ஒரு பக்கம் கவிதை, நாவல் எல்லாம் கரைத்துக் குடித்தவர்கள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே கூவுவது எந்தப் பறவை என்று கேட்டால் தெரியாது. மறுபக்கம் பறவை பார்ப்பவர்கள், செடிகொடிகளை அறிந்தவர்கள். களக் கையேடு இருந்தால் அவர்களுக்குப் போதும், வர்ணனை வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள். ஒரு தரப்பு பேசத் தொடங்கினால் மறு தரப்பு வாயை மூடிக்கொள்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கையில் எடுக்கும் நூல்கள் ஒன்று அழகைப் போற்றுகின்றன, இல்லையென்றால் அழிவை எண்ணிப் புலம்புகின்றன. "மனசு கனத்துப் போகிறது, வரப் பிடிக்கவில்லை" என்று சிலர் நின்றுவிட்டார்கள்.

நீங்கள் எந்த அளவுகோலில் நூலைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்? கூட்டத்தை எப்படி நடத்துகிறீர்கள்?

கரிச்சான் எழுதியது:

நாணல், நீங்கள் சொல்லும் இரண்டு தரப்பும் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு பேச ஒரு வழி இருக்கிறது. எங்கள் குழுவில் எந்த நூலை எடுத்தாலும் மூன்று கேள்விகள் கேட்போம். எழுதியவர் இதை நேரில் கண்டாரா? யாரோ சொல்லக் கேட்டு எழுதினாரா? அல்லது இது அவருடைய ஊகமா, உணர்ச்சியா? ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்துவிட்டு வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பார்ப்போம். நடை தெரிந்தவர் "இந்த இடத்தில் குரல் மாறுகிறது" என்பார். களம் தெரிந்தவர் "இந்தப் பறவை இப்படிச் செய்யும், ஆனால் இந்தப் பருவத்தில் செய்யாது" என்பார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தேவைப்படுவார்கள்.

இதற்குக் கில்பர்ட் வைட்டைப் போலப் பொருத்தமானவர் கிடையாது. அவர் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பாதிரியார். செல்போர்ன் என்ற தன் ஊரின் உயிர்களைப் பற்றித் தாமஸ் பென்னன்ட், டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற இருவருக்கு எழுதிய கடிதங்கள் 1789இல் நூலாக வந்தன. பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் மூன்று கதிர்க்குருவிகளைப் பாட்டை வைத்தே தனித்தனி இனம் என்று பிரித்தவர் அவர். அது காதால் உறுதி செய்தது. அதே மனிதர் தகைவிலான் குருவிகளில் சிலவாவது குளிர்காலத்தில் எங்கோ பொந்துகளில் உறங்கிக் கிடக்கக்கூடும் என்ற எண்ணத்தைக் கடைசிவரை விடவில்லை. ஜிப்ரால்டரில் இருந்த சகோதரர், பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கடல் கடப்பதைப் பற்றி எழுதியிருந்தும் விடவில்லை. ஆனால் எங்கே கண்டது முடிந்து எங்கே ஊகம் தொடங்குகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மையால்தான் இரு நூற்றாண்டு கழித்தும் அவரை நம்பிப் படிக்க முடிகிறது.

அவர் வளர்த்த ஆமை டிமதியையும் சொல்லவேண்டும். ஆண் என்று நினைத்துத்தான் எழுதினார். செத்த பிறகு ஓட்டைப் பார்த்தவர்கள் பெண் என்றார்கள். அந்த ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழையபுத்தகம் எழுதியது:

கரிச்சான் ஐயாவின் முறை எனக்குக் கொஞ்சம் அச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தால் இலக்கியம் என்ன ஆவது?

அமெரிக்க எழுத்தாளர் தோரோவை எடுத்துக்கொள்வோம். வால்டன் குளக்கரையில் 1845 ஜூலையிலிருந்து 1847 செப்டம்பர்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 1854இல் வந்த நூலிலோ எல்லாம் ஒரே ஆண்டாகிவிட்டது. கோடையில் தொடங்கி வசந்தத்தில் முடிகிறது. ஆங்கில எழுத்தாளர் ஜே. ஏ. பேக்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். பொரி வல்லூறைத் தொடர்ந்து பத்துக் குளிர்காலம் அலைந்துவிட்டு, அத்தனையையும் ஒரே குளிர்காலத்தின் நாட்குறிப்பாக 1967இல் வெளியிட்டார். பறவையியலாளர்கள் சிலர் அவர் கண்டதாகச் சொல்லும் சிலவற்றை நம்பவே இல்லை. அதனால் அந்த நூல் சிறுத்துவிட்டதா? வேட்டையாடும் பறவையின் கண்ணால் உலகைப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்த உரைநடை அது. கூட்டத்தில் ஒருவர் "அந்தத் தேதியில் அங்கே அத்தனை இரை கிடைத்திருக்காது" என்று தொடங்கினால் நான் எழுந்து போய்விடுவேன்.

கரிச்சான் எழுதியது:

ஐயா, எழுந்து போகாதீர்கள், உங்களைப் போன்றவர்கள்தான் குழுவுக்கு வேண்டும். காலத்தைச் சுருக்குவது எழுத்தாளரின் உரிமை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. தோரோவே தன் நூலில் அப்படிச் சுருக்கியதைச் சொல்லிவிடுகிறார். பொய் சொல்வது வேறு. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதே சண்டை பெரிதாக நடந்தது. வில்லியம் லாங் என்பவர், உள்ளான் வகைப் பறவையொன்று தன் ஒடிந்த காலுக்குத் தானே களிமண்ணால் கட்டுப் போட்டுக்கொண்டதாக எழுதினார். அவரையும் இன்னும் சிலரையும் இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் 1903இல் ஒரு கட்டுரையில் கடுமையாகத் தாக்கினார். 1907இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே களத்தில் இறங்கி, இப்படி எழுதுகிறவர்களை இயற்கையின் பெயரால் ஏமாற்றுகிறவர்கள் என்றார்.

லாங்கின் பறவையையும் பேக்கரின் வல்லூறையும் ஒரே தட்டில் வைக்க நீங்களும் சம்மதிக்க மாட்டீர்கள். அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்று குழு உட்கார்ந்து பேசட்டும். அதைவிட நல்ல இலக்கிய விவாதம் எனக்குத் தெரியவில்லை.

ஈரநிலம் எழுதியது:

நீங்கள் இருவரும் வெளியே தேடுவதை நம் கையிலேயே வைத்திருக்கிறோம். குறுந்தொகையின் 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது. தலைவன் தன்னைக் கூடியபோது சாட்சிக்கு யாரும் இல்லை என்கிறாள் தலைவி. அங்கே இருந்தது ஒரு குருகு மட்டும். "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால, ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு தான் மணந்த ஞான்றே."

இதை எங்கள் குழுவில் படித்தபோது இலக்கியம் படித்த ஓர் அக்கா, அந்தக் குருகு மீனையே பார்த்துக்கொண்டிருந்ததால் சாட்சிக்கும் உதவாது, அதுதான் அவளுடைய துயரம் என்று அருமையாக விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த பறவைக்காரர் ஒருவர், அதுவரை வாயே திறக்காதவர், "காலைப் பாருங்கள்" என்றார். சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். மெலிந்து பசுமை ஓடிய கால் என்றால் மடையானாக இருக்கலாம். மடையான் ஓடும் நீரின் ஓரத்தில் அசையாமல் நின்று குனிந்து பார்க்கும் பறவை, பக்கத்தில் ஆள் வந்தாலும் கடைசி நொடிவரை பறக்காது. அப்படியானால் அவர்கள் கூடிய இடத்துக்கு மிக அருகிலேயே அது நின்றிருக்க முடியும். அக்கா சொன்ன துயரம் அந்த நிமிடத்தில் இன்னும் ஆழமாகிவிட்டது. ஒரு சாட்சி அத்தனை பக்கத்தில் நின்றும் பயனில்லை!

கபிலர் மனதில் வைத்தது மடையான்தான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, குருகு என்பது பல நீர்ப்பறவைகளுக்கு வழங்கிய பெயர். ஆனால் காலின் நிறத்தையும் தடிமனையும் ஒரு பயிரின் தண்டோடு ஒப்பிட்டுச் சொன்னவர் நின்று பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். பழையபுத்தகம் ஐயா, இது குறுக்கு விசாரணையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவிதைக்குள் இன்னும் ஒரு அடி உள்ளே போனோம், அவ்வளவுதான்.

பழையபுத்தகம் எழுதியது:

இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. இப்படிப் பேசும் கூட்டமென்றால் முதல் ஆளாக வருவேன். அதே கபிலரின் குறிஞ்சிப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போவார், மொத்தம் 99. பெயர்ப்பட்டியல் என்று பலரும் தாண்டிப் போகும் இடம் அது. செடி தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்த வரிகள் மணக்கத் தொடங்கும்.

மின்மினி எழுதியது:

நான் வேறொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்குப் பார்வை மிகவும் குறைவு. பல வாசிப்புக் குழுக்களில் இருந்திருக்கிறேன். எல்லாரும் "கண்டார், கண்டார்" என்றே பேசுகிறீர்கள். இயற்கை எழுத்தில் பெரும்பகுதி கண்ணுக்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது உண்மைதான். அதனாலேயே காதுக்கும் கைக்கும் எழுதப்பட்டதைத் தேடி எடுக்கவேண்டும் என்கிறேன். கரிச்சான் அண்ணா சொன்ன மூன்று கதிர்க்குருவிகளையே பாருங்கள், கண் கைவிட்ட இடத்தில் காதுதான் பிரித்துக் கொடுத்தது.

கீரத் வெர்மை என்ற விஞ்ஞானியைக் குழுவில் அறிமுகம் செய்யுங்கள். சின்ன வயதிலேயே பார்வையை முழுமையாக இழந்தவர். சங்கு, சிப்பி ஓடுகளை விரலால் தடவித் தடவியே ஆராய்ந்தார். வெப்பமண்டலக் கடல் ஓடுகளின் தடிப்பையும், குறுகிய வாயையும், நண்டு உடைத்து மீண்டும் வளர்ந்த தழும்பையும் விரலால் உணர்ந்து, வேட்டையாடும் உயிருக்கும் இரைக்கும் நடந்த நெடுங்காலப் போராட்டம் ஓட்டில் பதிந்திருப்பதைப் படித்துச் சொன்னவர். 1997இல் தன் வாழ்க்கையை நூலாக எழுதினார். கண்ணுள்ள எத்தனையோ பேர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த ஓடுகள்தானே அவை.

கூட்டத்தில் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: பத்தியைச் சத்தமாகப் படியுங்கள், ஆளாளுக்கு மனதுக்குள் படித்துவிட்டுப் பேசத் தொடங்காதீர்கள். படிக்கும்போது எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே வேகம் கூடுகிறது என்பதெல்லாம் காதில் விழும். எழுதியவர் நடந்தபடி கண்டதா, நாற்காலியில் அமர்ந்து யோசித்ததா என்பதைக்கூட என்னால் பல நேரம் சொல்ல முடிகிறது.

நாணல் எழுதியது:

மின்மினி, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி. அடுத்த கூட்டத்திலிருந்து சத்தமான வாசிப்புத்தான்.

இன்னொன்று கேட்கவேண்டும். மரங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன, தாய் மரம் குட்டி மரத்துக்கு ஊட்டுகிறது என்றெல்லாம் சொல்லும் நூல்களை எங்கள் குழுவில் பலர் விரும்புகிறார்கள். ஜெர்மன் வனத்துறைக்காரர் பீட்டர் வோல்லேபென் 2015இல் எழுதியதைப் படித்து ஒருவர் கண்கலங்கிவிட்டார். தாவரவியல் படித்த இன்னொருவர் "இதெல்லாம் கதை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கலங்கியவர் அதற்குப் பிறகு வரவில்லை.

வேர்முடிச்சு எழுதியது:

நான் காளான்களையும் மண்ணையும் பற்றிப் படிப்பவள், இதில் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். "கதை" என்று ஒரே சொல்லில் முடித்ததும் சரியில்லை, எல்லாவற்றையும் அப்படியே நம்புவதும் சரியில்லை.

மர வேர்களில் பூஞ்சை இழைகள் ஒட்டி வாழ்கின்றன. பூஞ்சை மண்ணிலிருந்து நீரையும் சத்துகளையும் மரத்துக்குக் கொடுக்கிறது, மரம் ஒளிச்சேர்க்கையில் செய்த சர்க்கரையைப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது. இதில் யாருக்கும் ஐயமில்லை. 1997இல் சூசன் சிமார்டும் உடன் ஆய்வாளர்களும் அடையாளம் இட்ட கார்பனைப் பின்தொடர்ந்து, காட்டில் ஒரு பிர்ச் மரக்கன்றிலிருந்து பக்கத்து டக்ளஸ் ஃபர் கன்றுக்குக் கார்பன் போய்ச் சேர்வதைக் காட்டினார்கள். அந்த ஆய்வு உண்மையானது. கார்பன் பூஞ்சை இழை வழியாகத்தான் போனதா, மண் வழியாகவும் போயிருக்குமா, போன அளவு கன்றுக்கு உதவியதா என்பவை திறந்த கேள்விகள். தாய் தன் பிள்ளையை இனம்கண்டு ஊட்டுகிறது, ஆபத்து வந்தால் எச்சரிக்கை அனுப்புகிறது என்ற பேச்செல்லாம் அதற்கு மேல் கட்டப்பட்டவை. 2023இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா என்ற மூவர் அதுவரை வந்த கள ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட பெரிய கூற்றுகளுக்குக் காட்டில் கிடைத்த சான்று போதாது என்றார்கள். கார்ஸ்டும் ஜோன்ஸும் இதே துறையில் வாழ்நாளைச் செலவிட்டவர்கள், ஜோன்ஸ் அந்த 1997 ஆய்விலேயே பங்கேற்றவர். தாங்கள் நேசிக்கும் துறையில், தங்களில் ஒருவர் பெயர் உள்ள ஆய்வுக்கு மேல் எழுந்த கட்டடத்தையே அவர்கள் தட்டிப் பார்த்தார்கள். எனக்கு அதுவும் இயற்கை மேல் உள்ள அன்புதான்.

கண்கலங்கியவரைத் திரும்ப அழையுங்கள், நாணல். ஒரு கூட்டத்தில் அந்த நூலின் ஓர் அத்தியாயத்தையும் 2023 கட்டுரையின் சாரத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். எந்த வரி அவரைத் தொட்டது என்று முதலில் அவரே சொல்லட்டும். தாவரவியல்காரர் பிறகு பேசட்டும். இந்த வரிசை முக்கியம். முதலில் மறுப்பு வந்தால் அன்பு வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளும்.

ஓடைக்கல் எழுதியது:

வேர்முடிச்சு சொன்ன வரிசைக்கு ஆயிரம் வணக்கம். நான் துயரத்தைப் பற்றிப் பேசுகிறேன், அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

பூச்சிக்கொல்லிகளின் கேட்டைப் பற்றி ரேச்சல் கார்சன் எழுதிய 'சைலன்ட் ஸ்பிரிங்' 1962இல் வந்தது. பறவைகள் ஓய்ந்துபோன ஒரு சிற்றூரைக் காட்டித் தொடங்கும். அப்படி ஓர் ஊர் இல்லை என்று அந்த அத்தியாயத்தின் முடிவில் அவரே சொல்லிவிடுகிறார், ஆனால் அங்கே நடப்பதாகச் சொன்ன ஒவ்வொன்றும் எங்கோ நடந்தது என்கிறார். கரிச்சானின் மூன்று கேள்விக்கும் எழுத்தாளரே பதில் சொல்லிவிட்ட இடம் அது. நூலின் கடைசியில் 50 பக்கங்களுக்கு மேல் ஆதாரப் பட்டியல். அதற்கு முன் கடலைப் பற்றி மூன்று நூல்கள் எழுதியவர் என்பதால் அறிவியலும் உரைநடையும் அவர் கையில் பிரியாமல் இருந்தன.

குழுக்கள் பெரும்பாலும் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மனம் உடைந்து நிறுத்திவிடுகின்றன. கடைசி அத்தியாயத்தைப் படியுங்கள். இரசாயனத்துக்கு மாற்றாக அன்றைக்கே நடந்துகொண்டிருந்த உயிரியல் முறைகளை ஒன்றொன்றாக விவரிக்கிறார்.

அதோடு பேக்கரைச் சேருங்கள். பேக்கர் வல்லூறைத் தேடிய ஆண்டுகளில் பிரிட்டனில் அந்தப் பறவை சரிந்துகொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், வல்லூறுகள் பெருகிவிட்டன, எங்கள் புறாக்களைத் தின்கின்றன என்று பந்தயப் புறா வளர்ப்பவர்கள் புகார் செய்ததால்தான் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் கணக்கெடுக்கப் போனார். போய்ப் பார்த்தால் கூடுகள் காலி. 1967இல், பேக்கரின் நூல் வந்த அதே ஆண்டில், வேட்டைப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்துபோனதை அவர் அறிவித்தார். அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் கிடந்த பழைய முட்டைகளோடு ஒப்பிட்டே அதைக் கண்டுபிடித்தார். அந்த மெலிவுக்குக் காரணம் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி. அமெரிக்கா 1972இல் அதைத் தடைசெய்தது. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டார்கள். 1999இல் அழியும் உயிர்களின் பட்டியலிலிருந்து அங்கே வல்லூறை எடுத்துவிட்டார்கள்.

பேக்கர் தன் வல்லூறுகளுக்கு இரங்கற்பா பாடுவதாக நினைத்து எழுதினார். நாம் அதை வல்லூறு திரும்பிவந்த காலத்தில் படிக்கிறோம். இந்த இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைத்தால் யாரும் "வரப் பிடிக்கவில்லை" என்று சொல்ல மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. துயரத்தை ஒதுக்க வேண்டாம். யார் என்ன செய்தார்கள், எது பலித்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

ஈரநிலம் எழுதியது:

நடைமுறைக்குச் சில வார்த்தைகள். முழு நூலையும் ஒரே கூட்டத்தில் முடிக்க முயலாதீர்கள். அமெரிக்க இயற்கை எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்டின் 'சாண்ட் கவுன்டி அல்மனாக்' நூலின் முதல் பகுதி ஜனவரியிலிருந்து டிசம்பர்வரை மாதவாரியாக அமைந்தது. அந்தந்த மாதத்துக்கு அந்தந்தப் பகுதி என்று ஓர் ஆண்டு முழுக்கப் படிக்கலாம், ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான். 1948இல் பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் அவர் இறந்தார், நூல் அடுத்த ஆண்டுதான் வந்தது.

மா. கிருஷ்ணனை மறக்காதீர்கள். 1912இல் பிறந்தவர். 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கை பற்றிய பத்தி எழுதிவந்தார், தமிழிலும் எழுதினார். சுருக்கமான கட்டுரைகள், தேன் தடவாத நடை. களத்துக்காரர்களும் வாசகர்களும் ஒருசேர விரும்புவார்கள்.

குழுவுக்கென்று ஒரு குறிப்பேடு வையுங்கள். எந்த மரம் எப்போது பூத்தது, எந்தப் பறவை எப்போது வந்தது என்று யார் கண்டாலும் தேதியோடு எழுதட்டும். தோரோ 1850களில் தன் ஊர்ப் பூக்கள் மலர்ந்த தேதிகளைக் குறித்து வைத்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து ரிச்சர்ட் பிரிமாக்கும் உடன் ஆய்வாளர்களும் அந்தத் தேதிகளை எடுத்து, வெப்பம் கூடியதால் பூக்கள் முந்தி மலர்வதைக் காட்டினார்கள்.

மின்மினி எழுதியது:

அந்தக் குறிப்பேட்டில் முதல் குயில் எப்போது கூவியது, தவளைச் சத்தம் எப்போது தொடங்கியது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அதை நான் நிரப்பித் தருகிறேன்.

நாணல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தில் குறுந்தொகை 25ஐயும் கில்பர்ட் வைட்டின் கதிர்க்குருவிக் கடிதத்தையும் சத்தமாகப் படிக்கப் போகிறோம். கண்கலங்கி நின்றவரிடம் பேசினேன், வருகிறேன் என்றார். அதற்கடுத்து வேர்முடிச்சு சொன்ன ஜோடி. பேக்கரையும் ராட்கிளிஃபையும் எப்போது வைக்கலாம்?

பழையபுத்தகம் எழுதியது:

அக்டோபரில் தொடங்குங்கள். பேக்கரின் நாட்குறிப்பு அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது, அந்தந்த மாதத்துப் பக்கங்களை அந்தந்த மாதத்திலேயே படிக்கலாம். ஒரு கூட்டத்துக்குச் சில நாட்களின் பதிவுகளே போதும், அடர்த்தியான உரைநடை. ராட்கிளிஃபை முதலிலேயே வைக்காதீர்கள், குளிர்காலப் பக்கங்களின் நடுவில் வையுங்கள். முதல் பகுதியைச் சத்தமாகப் படிக்க நான் வருகிறேன், களத்துக்காரர் ஒருவரை என் பக்கத்தில் உட்கார வையுங்கள்.